படியில் வைத்த வெற்றிலை

வெற்றிலையைக் காணவில்லை.

நேற்றுக் காலை இதே படியில், நடுக்கல்லின் மேல், நுனி வாசலைப் பார்க்க வினாயகமூர்த்தி தன் கையாலேயே வைத்துவிட்டுப் போன வெற்றிலை. அதன் மேல் வைத்த பாக்கு மட்டும் கிடந்தது. நாட்டு வைத்தியர் நல்லரத்தினத்தின் வீட்டுக் கதவு நேற்றுப் போலவே சாத்தியிருந்தது. நிலையில் செருகிய வேப்பங்கொத்து காய்ந்து சருகாகி, காற்றே இல்லாத அந்தக் காலையிலும் மரத்தோடு மெல்ல உரசிக்கொண்டிருந்தது. மழை விட்டுப் பல நாளாகியும் அந்த ஒரு கல் மட்டும் நனைந்திருந்தது.

வினாயகமூர்த்திக்கு வந்தது பயமல்ல, எரிச்சல்.

"பாக்கை விட்டுட்டு வெத்திலையை மட்டும் எடுக்கிறது எந்த ஊர் மரியாதை?" என்றார், சாத்திய கதவைப் பார்த்து.

தோணிக்கார வல்லிபுரம் வேலிக்கு வெளியே நின்றான். "ஐயா, உள்ள ஆக்கள் இருக்கிற மாதிரி இல்லியே. கிணத்துக் கயிறும் காஞ்சு கிடக்கு."

"எடுத்திருக்கான். எடுத்தவன் வருவான்."

"ஓம். ஆடு எடுத்திருந்தா ஆடும் வருமாக்கும்."

"வாயை மூடிற்று நட."

வினாயகமூர்த்தி ஓய்வுபெற்ற அப்போதிக்கரி. பட்டம் பெற்ற டாக்டர்மார் வர மறுத்த ஆஸ்பத்திரிகளில் எல்லாம் ஊசியும் மருந்தும் கொடுத்து ஆயுளைக் கழித்தவர். வாவியின் இரு கரையிலும் உள்ள வைத்தியர்களை வருடத்துக்கு ஒரு நாள் ஒரே மண்டபத்தில் கூட்டி, கண்ட நோயையும் கொடுத்த மருந்தையும் பேசவைக்கும் வழக்கத்தை அவருடைய தாய்மாமன் கனகசூரியம் தொடங்கிவைத்தார். இந்தப் பக்கங்களில் குடி என்கிற குலம் தாய்வழியில் வருவது. மாமனுக்குப் பின் விளக்கேற்றும் உரிமை மருமகனுக்கு வந்தது. சூறாவளி கூரையைக் கொண்டுபோன வருடமும் அந்த விளக்கு எரிந்தது. ஊர் கலைந்து காட்டுக்குள் ஓடிய வருடமும் எரிந்தது.

இந்த வருடம் வாந்திபேதி. அகதி முகாம்களில் தொடங்கி, கிணறு கிணறாக நடந்து, வாவிக்கரை முழுவதும் பரவிவிட்டது. செத்தவர்களைச் சடங்கில்லாமல் சுண்ணாம்புத் தூளோடு புதைத்தார்கள். யார் போனார், யார் முகாமுக்கு இடம்பெயர்ந்தார் என்பது பக்கத்து வீட்டுக்கே தெரியாமல் இருந்தது.

சுகாதார அலுவலகத்தின் இளம் டாக்டர் நேரில் வந்து சொல்லிப் பார்த்தார். "கூட்டம் கூடாதீங்க எண்டு நான் ஊர் ஊரா நோட்டீஸ் ஒட்டுறன். நீங்க வைத்தியர்மாரையே ஒண்டாக் கூட்டப் போறீங்களா, ஐயா? இந்த முறை விடுங்க. அடுத்த வருசத்தில இருந்து எங்கட ஒபீசிலயே நடத்துவம். உங்களுக்கும் வயசாகுதுதானே."

அந்தக் கடைசி வாக்கியம்தான் முள்ளாகத் தைத்தது. இந்த வருடம் விளக்கு எரியாவிட்டால் அது இனி எந்த வருடமும் அவர்கள் குடியின் கையால் எரியாது.

ஆகவே அலைந்தார். ஆமிக் காம்ப் அதிகாரி, "இத்தனை டாக்டர் ஒரே இடத்தில என்னத்துக்கு? அங்கே யாருக்குக் காயம்?" என்று பாதி நாள் வெயிலில் நிறுத்தினான். பாஸ் கிடைத்ததும் அக்கரைக்குப் போனால், "ஆமி உங்களுக்கு மட்டும் எப்பிடி இவ்வளவு சுறுக்கா பாஸ் தந்தவன்?" என்று இயக்கப் பொடியன்கள் மறுபாதியைத் தின்றார்கள். ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை. மண்ணெண்ணெய் இல்லை. கதிரை வாடகைக்காரன் முகாமுக்குப் போய்விட்டான். தபால் நின்று மாதக்கணக்காகிவிட்டது. நின்றிராவிட்டாலும் இந்தக் கூட்டத்துக்குக் கடிதம் போடுவதில்லை. வெற்றிலை வைத்துத்தான் அழைப்பு. வெற்றிலையை வாங்கியவர் வந்தே தீரவேண்டும். அது கனகசூரியம் வைத்த கட்டு.

வெற்றிலையை ஆளின் கையில் கொடுப்பதே முறை. ஆனால் நோய்க்காலத்தில் கைக்குக் கை எதையும் மாற்றக்கூடாது என்பது மருத்துவம். வினாயகமூர்த்தி இரண்டையும் காப்பாற்ற ஒரு வழி கண்டார். சாத்திய வாசல்களின் படியிலே வைத்துவிட்டு, பெயரைச் சொல்லி மும்முறை அழைத்து, அடுத்த வீட்டுக்குப் போனார்.

அதைக் கேட்டு மனைவி சீதேவிப்பிள்ளை கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"பேரைச் சொல்லியுமா கூப்பிட்டீங்க? ஆள் இல்லாப் படியில வெத்திலை வச்சா, வழியால போறதெல்லாம் எடுக்கும்."

"வழியால போறது என்ன, நாயா?"

"நாய் வெத்திலை தின்னுமா? அம்மாள் நோயா ஊருக்க நிக்கிற நேரம் இது. கையில குடுத்தாத்தான் ஆர் வாங்கினது எண்டு தெரியும்." அவள் குரல் தாழ்ந்தது. "வாறவங்க வந்துபோட்டுச் சும்மா போக மாட்டாங்க. முறைக்கு முறை, அவங்களும் உங்களுக்கு வெத்திலை நீட்டுவாங்க. மறுகா என்ன செய்யப் போறீங்க?"

"வாங்குவன். நீட்டின வெத்திலையைத் தட்டின குடியில்ல எங்கட குடி."

"உங்கட குடியும் நீங்களும். இது என்ட அம்மா எனக்குத் தந்த வீடு. அந்த வெத்திலையோட இதுக்குள்ள காலெடுத்து வைக்காதீங்க, சொல்லிப்போட்டன்."

மறுநாள் போய்ப் பார்த்த படிகளில் எல்லாம் அதே கதைதான். வெற்றிலை போயிருந்தது. பாக்குக் கிடந்தது. கல் நனைந்திருந்தது. எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று வினாயகமூர்த்தி தலையை நிமிர்த்திக்கொண்டார். ஆனாலும் ஒரு வீட்டில்கூட ஒருவரும் வெளியே வந்து "ஓம், வாறன்" என்று சொல்லவில்லையே என்ற எரிச்சல் போகவில்லை.

கூட்டத்துக்கு முந்திய மாலை வல்லிபுரம் தோணியைக் கட்டிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"உள்ளுக்க என்னவோ பிரட்டுது ஐயா. காலையில இருந்து ரெண்டு மூண்டு தரம் போயிட்டன்."

"வேலை எண்டு வந்தா ஆயிரம் சாட்டு. கஞ்சித்தண்ணியில உப்புப் போட்டுக் குடி. நாளைக்கு அக்கரைத் துறையில ஆக்கள் வந்து நிப்பாங்க. நீ போகாட்டி ஆரு ஏத்துற?"

வல்லிபுரம் அவரை நிமிர்ந்து பார்த்தான். கண் உள்ளே போயிருந்தது. வினாயகமூர்த்தி அதைப் பார்த்தார். எத்தனையோ கட்டில்களில் பார்த்த கண். பார்த்தும், அந்த ஒரு மாலை, பார்க்காதவராக இருந்தார்.

"சரி ஐயா," என்றான் வல்லிபுரம். "எப்பிடியும் கொண்டந்து சேர்க்கிறன்."

*

மண்டபம் வாவியை ஒட்டி நின்றது. பின் வாசற்படிகள் தண்ணீருக்குள் இறங்கின. அன்று காலையிலிருந்தே வானம் கறுத்து, நண்பகல் கழிந்தபோது அந்திபோல ஆகிவிட்டது. சதுப்பில் வளர்ந்த கண்ணாப் பற்றைகளுக்கு அடியில் அழுகிய சேற்றின் வாடையும், வாசலில் அவரே தூவிய சுண்ணாம்புத் தூளின் காரமும், குத்துவிளக்கின் தேங்காயெண்ணெய் மணமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மண்டபத்துக்குள் தேங்கி நின்றன. பள்ளிக்கூடத்திலிருந்து இரந்து வாங்கிய கதிரைகள் வரிசையாக, வெறுமையாக. சுவரில் கனகசூரியத்தின் படம். மேசையில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும்.

ஒருவரும் வரவில்லை.

வினாயகமூர்த்தி வேட்டியை இறுக்கிக்கொண்டு வாசலுக்கும் மேசைக்கும் நடந்தார். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு கதிரையை நேராக்கினார். வெற்றிலை எடுத்தவன் வராமல் இருப்பதா? நாளைக்கு அந்த ஒபீஸ்காரப் பொடியன் முகத்தில் எப்படி முழிப்பது?

வெளியே சைக்கிள் மணி. வந்தது மருத்துவிச்சி நஸீறா. பக்கத்து ஊர்க்காரி. இத்தனை வீட்டிலும் வேலிக்கு மேலால் கை நீட்டி வெற்றிலையை வாங்கியவள் அவள் ஒருத்திதான். முக்காட்டுத் தலைப்பால் வாயை மூடியிருந்தாள். கைகளில் லைசோல் வாடை.

"நேரத்துக்கு வரத் தெரியாதா, புள்ள?"

"முகாமில இருந்து நேரா வாறன், ஐயா. ரெண்டு சோதனைச் சாவடி." மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். "நீங்க மட்டுமா?"

"நல்லரத்தினம் வருவான். அக்கரைத் தெய்வமணி வருவாள். இராசதுரை வருவான். எல்லாரும் வெத்திலை எடுத்தவங்கதான்."

நஸீறா அவர் பக்கம் திரும்பினாள். தலைப்பு வாயை விட்டு நழுவியது.

"நல்லரத்தினம் வைத்தியர் மௌத்தாகி ஒரு கிழமைக்கு மேலயாச்சே, ஐயா. நான்தான் கிட்ட நிண்ட. தெய்வமணியக்காவும்தான். இராசதுரையர் வீட்டில ஒருத்தரும் மிச்சமில்ல. நீங்க வெத்திலைய ஆரிட்டக் குடுத்தீங்க?"

அவருக்கு நனைந்த கற்கள் ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தன.

"வல்லிபுரம் அக்கரைக்குப் போயிருக்கான்," என்றார். "ஆக்களை ஏத்தி வருவான்."

"வல்லிபுரத்தை ராவு முகாமுக்குத் தூக்கிவந்தாங்க." அவள் குரல் உடைந்தது. "சேலைன் ஏத்த நரம்பு கிடைக்கல்ல. விடியச் சாமம் முடிஞ்சுது. தோணி, தோணி எண்டே சொல்லிக்கொண்டு கிடந்தான்."

அப்போது கேட்டது. வாவிப் பக்கம். சேற்றில் கம்பு ஊன்றி இழுபடும் சத்தம். பிறகு மௌனம். மறுபடி கம்பு. அவசரமில்லாமல், பாரமான தோணியைத் தள்ளுகிற ஓசை.

நஸீறா அவருடைய சால்வையைப் பிடித்தாள். "வாங்க ஐயா. இந்த வாசலால வாங்க. சைக்கிளில ஏறுங்க."

வினாயகமூர்த்தி சால்வையை விடுவித்துக்கொண்டார். முதுகு வளையவில்லை.

"அழைச்சது நான். அழைச்சவன் வாசலில நிக்க வேணும்."

"ஆரை எண்டு தெரியுமா அழைச்சீங்க?"

"நீ போ, புள்ள. நீ கையில வாங்கினவள். நீ போ."

அவள் ஓடினாள். சைக்கிள் மணி ஒருமுறை தானாக அடித்தது. மழை பிடித்துக்கொண்டது.

தோணி படியில் இடித்தது.

மழைத் திரைக்குள் முதலில் கம்பு தெரிந்தது. பிறகு அதைப் பிடித்திருந்த கைகள். வல்லிபுரம் நிமிர்ந்தே நின்றான். தோணி நிறைய ஆட்கள். குந்தியபடி. நெருக்கமாக. ஒருவரும் மழைக்குக் குனியவில்லை.

"வாங்க," என்றார் வினாயகமூர்த்தி. பழக்கத்தில் வந்த சொல். "வாங்க, வாங்க."

ஏறி வந்தார்கள். முதலில் நல்லரத்தினம். பகிடி சொல்லாமல் படியேறத் தெரியாத மனிதன். இப்போது வாய் திறக்கவில்லை. கன்னம் எலும்போடு ஒட்டி, கண் குழிக்குள் போய், தோலில் சுண்ணாம்புத் தூள் படிந்து. விரல் நுனிகள் சுருங்கியிருந்தன. அப்போதிக்கரிக்கு அந்த விரல்கள் தெரியும். உடம்பின் தண்ணீரெல்லாம் வெளியேறிப் போனவர்களின் விரல்கள்.

பன்னீர் தெளித்தார். கை தானே தெளித்தது. துளிகள் நல்லரத்தினத்தின் முகத்தில் விழுந்தன. வழியவில்லை. தோல் குடித்துவிட்டது.

அடுத்து தெய்வமணி. இராசதுரை. இராசதுரையின் மனைவி. பிள்ளைகள். அவர் அழைக்காதவர்களும் வந்தார்கள். வழியால் போனவர்கள். கதிரைகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. நோய்க் கட்டில்களின் கஞ்சித்தண்ணி வாடை எழுந்து விளக்கின் மணத்தை மூடியது.

வல்லிபுரம் கம்பை வாசலில் சாத்திவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தான். மாமனுக்கென்று வெறுமையாக விடும் கதிரையில்.

எழும்படா என்று அதட்ட வாய் திறந்தார். காற்றுத்தான் வந்தது.

விளக்கை ஏற்றினார். திரி பிடித்தது. இந்த வருடமும்.

"சபையோர்களே," என்று தொடங்கினார். குரல் கரகரத்தது. மெலிந்தது. நின்றுவிட்டது. அதுவும் அவருக்குத் தெரிந்த வாந்திபேதி அறிகுறிதான். வயிற்றுக்குள் ஏதோ மெல்லப் புரண்டது.

கதிரைகள் மறுபடி கிறீச்சிட்டன.

எழுந்தார்கள். எல்லோரும். ஒருவர் பின் ஒருவராக, முறை தவறாமல். நல்லரத்தினம் முன்னால். வல்லிபுரம் அவன் பின்னால். கைகளில் அவர் படியில் வைத்த அதே வெற்றிலைகள். இப்போது முதுகு மேலாக, நரம்பு தெரிய. செத்த வீட்டில் வைப்பதுபோல.

நல்லரத்தினம் நீட்டினான்.

நீட்டின வெற்றிலையைத் தட்டின குடியில்லை.

வலக்கையை இடக்கையால் அழுத்திப் பிடித்தார். கீழே. கீழே. கனகசூரியம் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வலக்கை விடுபட்டு மேலே எழுந்தது.

குளிர்ந்த காம்பு விரல்களில் பட்டது. விரல் நுனிகள் சுருங்கியிருந்தன. அவருடையவை.

நல்லரத்தினம் விலகி வழிவிட்டான். வல்லிபுரம் நீட்டினான். அவனுக்குப் பின்னால் வரிசை, மண்டபத்தைத் தாண்டி, படிகளில் இறங்கி, மழைக்குள், தோணி வரைக்கும். தோணியிலிருந்து இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள்.