மாறாத இன்ஜின்

'மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு. சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினைத் தொட்டுப் பார்க்கும் முன்பே படிவத்தில் "குளிர்ந்த நிலை" என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன்.'

எழுதிவிட்டு அவள் பேனாவை வைத்தாள். பழைய கார்களை வாங்கி விற்கும் இடத்தில் அவள்தான் பரிசோதகர். மாலை மெக்கானிக் வகுப்புக்குக் கிளம்பும் முன் டைரி எழுதிவிடுவது பழக்கம். சூடான இன்ஜின் தன் கோளாறுகளை மறைத்துவிடும், முதலில் கை வை, பிறகு எழுது என்பது வகுப்பின் முதல் பாடம். அதிலேயே கோட்டை விட்டிருந்தாள்.

திரும்பிப் போனாள். ஷெட்டின் கடைசி வரிசையில், கிரீஸும் பழைய ரப்பரும் கலந்த வாடைக்கு நடுவே, வெளிச்சம் வடிந்துகொண்டிருந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. பானெட்டைத் தூக்கி உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல்காரரின் நெற்றி போல இளஞ்சூடு. சாவி மூன்று நாளாக அவள் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கிறது. தகரக் கூரையின் வெக்கையாக இருக்கும் என்று பக்கத்துக் காரைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

போன் அடித்தது. அண்ணன். நாளை இந்தக் காரை வாங்கப்போகிறவன்.

"என்ன டாக்டரம்மா, நாடி பார்த்தாச்சா?"

"அண்ணா, என்னமோ சரியில்ல. இன்ஜின் சூடா இருக்கு."

"ஆரம்பிச்சிட்டியா? போன தடவை டேஷ்போர்டுக்குள்ள சில்லறை உருண்டதுக்கு ஒரு நல்ல வண்டியவே கழிச்சுக் கட்டினவதானே நீ?" சிரித்தான். "இந்த மாடல்ல முதல் தலைமுறை வண்டிலதான்டி இன்ஜின் சொதப்பும். இது மூணாவது. காலைல ஆறு மணிக்கு மலை ரோடு. இருக்கறதே ரெண்டு சீட்டு, ஒண்ணு உனக்கு."

அவன் வைத்த பிறகு டார்ச் அடித்து இன்ஜின் எண்ணைப் படித்தாள். மூன்றாம் தலைமுறை எண் இல்லை. முதல் தலைமுறை எண்.

மேசைக்கு வந்து காரின் கோப்பைப் பிரித்தாள். அடியில் இரண்டு பழைய சர்வீஸ் புத்தகங்கள். ஒன்று முதல் தலைமுறைக் காருடையது, மற்றது இரண்டாவதுடையது. இரண்டிலும் இதே எண். பாடிதான் மாறியிருக்கிறது. இன்ஜின் மாறவே இல்லை.

கடைசிப் பக்கங்கள். வேறு வேறு பரிசோதகர்களின் கையெழுத்து. ஒரே வரிகள்.

'இன்ஜின் சூடாக இருந்தது. தவறு என்னுடையதாகத்தான் இருக்கும். நாளை ஓட்டிப் பார்க்க வேண்டும்.'

இரண்டின் கீழும் விபத்துக் குறிப்பு. 'கார் முழுச் சேதம். இருவர் மரணம். இன்ஜினில் கீறல்கூட இல்லை.'

அண்ணனை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை.

எழுதியாவது வைத்துவிட வேண்டும். நாளை அவனைத் தடுக்க வேண்டும் என்று. பேனாவை எடுத்தாள்.

உள்ளங்கையில் அந்தச் சூடு இன்னும் போகவில்லை. கூடியிருந்தது. தோலுக்கடியில் ஏதோ அதிர்ந்தது. சீராக. நிற்காமல்.

ஷெட்டின் கடைசியில் இன்ஜின் உறுமியது. அதே தாளத்தில்.

இழுப்பறையைப் பார்த்தாள். பூட்டியிருந்தது.

குனிந்து டைரியைப் பார்த்தாள். கை எழுதிக்கொண்டிருந்தது. அவளுடைய கையெழுத்து. அடித்தல் திருத்தல் இல்லாமல்.

'தவறு என்னுடையதாகத்தான் இருக்கும். நாளை காலை ஆறு மணிக்கு அண்ணனுடன் மலைச் சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.'