கடல் பார்த்த ரூம்

அந்த ரூமின் பால்கனிக் கதவை இழுத்துச் சாத்தினால்தான் தாழ்ப்பாள் விழும் என்று தீபன் சொன்னபோது, ரேகா அதன் படங்களைப் போனில் இன்னும் திறந்தே பார்த்திருக்கவில்லை.

"உனக்கு எப்டித் தெரியும்? அந்த ஊருக்குப் போனதே இல்லன்னு சொன்ன?"

கண்ணாடி முன் நின்று தாடி மழித்துக்கொண்டிருந்தவன் திரும்பவில்லை. "கடலாண்ட கீற கதவெல்லாம் அப்டித்தான். உப்பு புடிச்சிக்கும்."

மீன்பிடித் தடைக்காலம். அவன் ஓட்டும் விசைப்படகு காசிமேட்டில் ஒரு மாதமாகக் கட்டிக் கிடக்கிறது. கல்யாணமான ஆறு மாதத்தில் முதல்முறையாக அவளை வெளியூர் கூட்டிப்போகிறான், கடலை ஒட்டிய மலைமேல் இருக்கும் ஓர் ஊருக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ் ரேகாவுக்குப் பிடித்திருந்தது. நடுமலையில் சமையலறையோடு ஒரு வீடும் இருந்தது. இரண்டையும் வேண்டாமென்றான். உச்சியில், விளிம்பில் நிற்கிற லாட்ஜ்தான் வேண்டும். அதிலும் கடைசி ரூம்.

அவனுடைய முதல் மனைவி வினிதா மூன்று வருஷத்துக்கு முன் ஜுரத்தில் போய்விட்டாள் என்று சொல்லித்தான் ரேகாவைப் பெண் கேட்டார்கள். எந்த ஆஸ்பத்திரியில் என்று அவள் ஒருநாள் கேட்டபோது, பாதிச் சோற்றில் எழுந்துபோனான்.

எர்ணாவூர் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், சாலையில் ஊர்ந்த கன்டெய்னர் லாரிகளின் அதிர்வில் ஜன்னல் கம்பி நடுங்கிக்கொண்டிருக்க, சாம்பல் படிந்த பிற்பகல் வெயிலோடு தொழிற்சாலைப் பக்கத்து நெடியும் உள்ளே வந்து தொண்டையில் உட்கார, ரேசர் அவன் கன்னத்தில் இறங்கும் சரக் சரக் சத்தத்தைக் கேட்டபடியே அவள் லாட்ஜில் தங்கிப்போனவர்கள் போட்டிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். எல்லாமே அந்தப் பால்கனியிலிருந்து கீழே கடலைப் பார்த்து எடுத்தவை.

மூன்று வருஷத்துக்கு முந்தைய படத்தில், அலை மோதும் பாறையில் பச்சையாய் ஏதோ ஒட்டியிருந்தது. பாசி என்று நினைத்தாள்.

அடுத்த படத்தில் அது தண்ணீரைவிட்டு இரண்டு ஆள் உயரம் மேலே இருந்தது.

பாசி ஏறுமா?

போன வருஷப் படத்தில், பாதி மலையில். பச்சைப் புடவை. பாறையைக் கட்டிப்பிடித்தபடி ஒரு முதுகு. படத்தின் கீழே யாரோ 'வியூ சூப்பர்' என்று எழுதியிருந்தார்கள். வேறு எதுவும் எழுதவில்லை.

போன மாதப் படம். பால்கனிக் கம்பி. அதை வெளியிலிருந்து பற்றிய ஒரு கை. தண்ணீரில் ஊறி வெளுத்த கை. முன்கையில் பச்சை குத்திய எழுத்து.

விரலால் பெரிதாக்கினாள்.

தீபன்.

சரக் சரக் சத்தம் நின்றிருந்தது.

"இன்னா பாத்துகினு கீற?"

"வினிதா எப்டி செத்தா?"

"ஜுரம்." கண்ணாடி வழியாக அவளையே பார்த்தான். "அந்த ரூம காலையிலயே சொல்லி வச்சிட்டேன். நாளைக்குக் கெளம்பணும்."

"நான் வரல."

அவன் திரும்பினான். பாதி முகத்தில் நுரை. கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றான். ரேசரைக் கீழே வைக்கவில்லை.

"வந்துதான் ஆவணும். ரெண்டு பேரும் போயே ஆவணும்," என்றான் தாழ்ந்த குரலில். "நானா இஷ்டப்பட்டுப் போறேன்னா நெனச்சுகினு கீற?"

போன் அதிர்ந்தது. புதுப் படம். போட்டவர் பெயர் இல்லை.

இந்தமுறை ரூமுக்குள்ளிருந்து எடுத்தது. கம்பியில் கை இல்லை. பால்கனியிலிருந்து கட்டில்வரை தரையெல்லாம் ஈரம். கட்டிலின் நடுவில் பச்சைப் புடவைக்காரி மல்லாந்து படுத்திருந்தாள், இரண்டு கைகளையும் விரித்து. ஒவ்வொரு கையின் மேலும் ஒரு தலையணை.

தலையணைகள் இரண்டும் இன்னும் உலர்ந்தே இருந்தன.