பின் இடது

மனிதனுக்கு வாய்த்த ஐம்புலன்களில் செவியே தலையானது. கண்ணை மூடிக்கொள்ளலாம், வாயைப் பொத்திக்கொள்ளலாம், செவி மட்டும் உறக்கத்திலும் கடமை தவறாமல் விழித்திருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் அவர் இதைச் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் மனைவி சமையலறையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டிருப்பாள். அது அவருக்கு விழாது.

‘தங்கக்காது’ என்பது மைத்துனன் கிண்டலாக வைத்த பெயர். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார்.

அந்த ஞாயிறு பிற்பகல், திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, அப்பாவின் அறையில் தங்கக்காது முட்டி போட்டு வயர் சொருகிக்கொண்டிருந்தார். அறைக்கு இப்போது தியேட்டர் என்று பெயர். முன்னால் இரண்டு ஸ்பீக்கர், நடுவில் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு, அதிர்வுக்கென்று தரையில் ஒரு பெரிய பெட்டி. சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில். பின்னால் ஸ்பீக்கர் வாங்கவில்லை; எல்லாவற்றுக்கும் ஒலியைப் பிரித்தனுப்பும் ரிசீவர் பெட்டியில் அதற்கான துளைகள் மட்டும் காலி.

சாயங்காலம் தங்கை படம் பார்க்க வருகிறாள். அப்பா போனபிறகு இந்த வீட்டுக்கு முதல் தடவையாக. கடைசி நாட்களில் அப்பாவுக்குப் பேச்சு கிடையாது. வேண்டுமென்றால் ஸ்பூனால் கட்டில் கம்பியைத் தட்டுவார். டங் டங். கொஞ்சம் பொறுத்து, டங். காரியம் முடிந்த அன்று தங்கை கேட்டாள்: “நீ ஹால்லதான இருந்த? அப்பா தட்டவே இல்லையா அண்ணா?” ஒரு சத்தமும் கேட்கவில்லை என்றார். அவள் நம்பினாளா என்பது ஒரு வருடமாகத் தெரியவில்லை. இன்று இந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒலியில் அசந்துபோய், அந்தக் கேள்வியை அவள் மறந்துவிட வேண்டும்.

அளவெடுப்பு மட்டும் பாக்கி. நாற்காலியில், தலை இருக்கும் உயரத்தில், ஒரு குட்டி மைக்கை நிறுத்தினார். ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கர் வழியாகவும் ஒரு ‘ஊய்ங்’ அனுப்பி, அது மைக்குக்கு வந்து சேரும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லும். அதுவரை வீடு மூச்சு விடக்கூடாது.

“அளவெடுக்கறேன். குழாயைத் திறக்காதே!”

“திறக்கல. பாத்திரத்தையெல்லாம் நக்கியே வச்சிடறேன்.”

ஊய்ங், ஊய்ங் என்று சத்தம் அறையைச் சுற்றி வந்தது. திரையில் பட்டியல் விழுந்தது. முன், நடு, பக்கம் எல்லாம் சரி. கடைசியில் ஒரு வரி.

பின் இடது: உண்டு. தூரம் 3.1 மீட்டர்.

சிரித்துக்கொண்டார். குனிந்து ரிசீவரின் முதுகைத் தடவினார். காலித் துளை, சில்லென்றிருந்தது. பின்பக்க இடது மூலையைத் திரும்பிப் பார்த்தார். சத்தம் உறிஞ்ச ஒட்டிய கறுப்பு ஸ்பாஞ்சு மட்டும்.

மனைவி கதவருகே நின்றாள். “அங்கதான மாமா கட்டில் கிடந்துச்சு?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது. செப்பு இழை எங்கேயோ உரசுது. போ.”

ஒவ்வொரு வயராக உருவி, நுனியை முறுக்கி, டார்ச் அடித்துப் பார்த்துச் சொருகினார். மறுபடி அளவெடுத்தார். ஊய்ங்குகள் வரிசையாக வந்து முடிந்தன. பிறகு, முடிந்திருக்க வேண்டிய இடத்தில், இரும்பில் இரும்பு படுகிற மெல்லிய சத்தம்.

பின் இடது: 1.9 மீட்டர்.

அறையில் தைலம் மணத்தது. அதற்கடியில், மாற்றாத படுக்கைவிரிப்பின் ஈரவாடை. ஸ்பாஞ்சின் பசைதான் என்று சொல்லிக்கொண்டார். எந்திரத்தை நம்புவானேன்? தங்கமான காது இரண்டு இருக்கிறதே. கதவைச் சாத்தினார். மைக்கைக் கையில் பிடித்தபடி நாற்காலியில் தானே உட்கார்ந்து, பொத்தானை அழுத்தினார்.

ஊய்ங். ஊய்ங். ஊய்ங்.

மௌனம்.

டங் டங்.

பின்னால். இடது பக்கம். கிட்டத்தில்.

டங்.

வெளியே காலிங் பெல் அடித்தது. செருப்பு கழற்றும் சத்தம். தங்கையின் குரல் ஹாலிலிருந்து வந்தது.

“அண்ணா, உள்ள யாரு தட்டறது?”

“சர்ரவுண்டும்மா. எஃபெக்ட்டு.”

டங் டங். டங்.

பிறகு தங்கை கதவுக்கு அந்தப்பக்கம் வந்து நின்றுகொண்டு, கோபமே இல்லாமல் சொன்னாள். “கதவு சாத்தியிருக்கு. செவரெல்லாம் ஸ்பாஞ்சு வேற ஒட்டியிருக்கியாமே. அப்படியும் ஹாலுக்கே நல்லா கேக்குதே அண்ணா.”

திரையில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. 0.8. 0.4. கழுத்தில் குளிர்ந்த மூச்சு. திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

0.0.

இப்போது தட்டல் காதில் விழவில்லை. நாற்காலியின் இரும்புச் சட்டத்தில் விழுந்தது. முதுகெலும்பு வழியாக ஏறியது. இரண்டு. கொஞ்சம் பொறுத்து, ஒன்று. இடது தோளுக்கு மேலாக ஒரு ஸ்பூனின் நுனி மெதுவாக நீண்டு வந்து, அவர் கன்னத்தருகே நின்றது.

வலது கை தானாகவே ரிமோட்டைத் தேடிப்போய், ஒலியைக் கூட்டுகிற பொத்தானில் உட்கார்ந்தது. கைக்கு வழி தெரிந்திருந்தது.

அப்பா போன அன்றும் இந்தத் தட்டல் கேட்டது. பாட்டு நன்றாக இருந்ததால் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டார்.