அலென்கா அத்தையின் தேனீப் பெட்டிகள்

ஏலகிரியில் இருக்கும் அலென்கா அத்தை வீட்டுத் தோட்டத்துக்குப் போக ரோஷினிக்கு எப்போதுமே கொஞ்சம் பயம். தேனீக்களைக் கண்டு அல்ல. அங்கே இருந்த முகங்களைக் கண்டு.

தோட்டத்தின் கோடியில், கொய்யா மரங்களுக்குக் கீழே தேனீப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பெட்டியின் முன்பலகையிலும் ஒரு முகம் வரைந்திருக்கும். அத்தை பிறந்த ஸ்லோவேனியா நாட்டில் தேனீப் பெட்டிகளின் பலகையில் இப்படிப் படம் வரைவது வழக்கமாம். மற்றவர்கள் கரடியும் பூவும் வரைவார்கள். அத்தை தன் சொந்தக்காரர்களை வரைந்து வைத்திருந்தார்.

முதல் பெட்டியில் தாடிக்கார அந்தோன் தாத்தா. போருக்கு இரண்டு பூட்ஸோடு போய், ஒற்றைப் பூட்ஸோடு பனியில் நடந்தே வீடு திரும்பியவர். அடுத்தது யோசிபா பாட்டி, பின்னால் ஒரு கப்பல். எகிப்துக்குப் போய்ப் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர். வருஷங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது, பெற்ற மகளே அவரைப் பார்த்து யார் நீங்கள் என்று கேட்டுவிட்டாளாம். அதற்கும் அடுத்தது அத்தையின் அக்கா நேஷா, மூக்கு நுனியில் மருவோடு. கடைசிப் பெட்டியின் பலகையில் மட்டும் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை.

பெட்டிகளுக்குள்ளிருந்து எந்நேரமும் 'ம்ம்ம்' என்று சத்தம் வரும். அந்த முகங்கள்தான் முணுமுணுக்கின்றன என்று சின்ன வயதில் ரோஷினி நம்பினாள். இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. நம்பிக்கை முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

வெள்ளைப் பலகை யாருக்கு என்று ஒருமுறை அவள் கேட்டாள். அத்தையின் கணவர் தேவசகாயம் மாமா மீசையைத் தடவிக்கொண்டார்.

"எனக்குத்தான். என் அழகை வரைய உங்க அத்தைக்கு இன்னும் கை வரல," என்றார். அத்தை கையிலிருந்த கரண்டியால் அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

மாமா ஆம்பூரில் ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இளம் வயதில் புது மெஷினை ஓட்டப் பழகிவரச் சொல்லி அவரை ஸ்லோவேனியாவுக்கு அனுப்பினார்கள். அவர் கல்யாணமே பண்ணிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார் என்று ரோஷினியின் அம்மா இன்றும் தன் அண்ணனைக் கேலி செய்வார். புதுப்பெண்ணுக்கு ஆம்பூரின் தோல் நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை. தன் ஊரைப் போல ஒரு மலை வேண்டும் என்றார். அப்படித்தான் ஏலகிரிக்கு வந்தார்கள்.

அந்த மாமா போன மாதம் தூக்கத்திலேயே இறந்துபோனார்.

அத்தை அழவில்லை. அடக்கத்தன்றும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. மாமாவுக்காக ஜெபம் வைக்க ரோஷினியின் குடும்பம் மலைக்கு வந்திருந்தபோது, மாமாவின் ஷூக்கள் பளபளவென்று பாலிஷ் போட்டு வாசலில் இருந்தன. சாப்பாட்டு மேஜையில் மாமாவின் தட்டும் இருந்தது. அத்தை எதிரே உட்கார்ந்து அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மலை முழுக்க மூடுபனி. பக்கத்துத் தோட்டத்துப் பூங்காவனம் வந்து, பெட்டிகளை வந்து பாருங்கள் என்று ரோஷினியின் அப்பா பிரேம்குமாரை அழைத்தார். ரோஷினியும் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

பனிக்குள் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. முகங்கள் தெரியவில்லை. தேனீக்கள் எல்லாம் வெளியே வந்து பலகைகளை மூடியிருந்தன. பறக்கவில்லை, அசையவில்லை. அந்த 'ம்ம்ம்' சத்தமும் இல்லை. இலையிலிருந்து பனி சொட்டுவது மட்டும் கேட்டது.

"இந்தக் குளிர்ல தேனீ வெளிய வரவே வராது சார்," என்றார் பூங்காவனம், குரலைத் தாழ்த்தி. "இப்டி வெளிய தொங்கிச்சுன்னா கிளம்பப் போவுதுன்னு அர்த்தம். நாளைக்குப் பார்த்தா பொட்டி காலி."

அப்பா திரும்பினார். அத்தை பின்கதவில் நின்றிருந்தார்.

"போட்டும்," என்றார் அத்தை. "அதுங்க போனா நானும் எங்க ஊருக்குப் போய்ட்றேன். இங்க இன்னா இருக்கு எனக்கு?"

நான் இருக்கேனே என்று சொல்ல ரோஷினி வாயைத் திறந்தாள். அதற்குள் அத்தை உள்ளே போய்விட்டார். யோசிபா பாட்டியின் கப்பல் ரோஷினியின் நினைவுக்கு வந்தது. அத்தை போய்விட்டு வருஷங்கள் கழித்து வந்தால், தானும் அவரைப் பார்த்து யார் நீங்கள் என்று கேட்டுவிடுவோமோ? அவளுக்கு அழுகை முட்டியது.

அப்போது வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. காவேரிப்பாக்கத்திலிருந்து, அம்மாவுக்கும் மாமாவுக்கும் ஒன்றுவிட்ட அக்காவான அமிர்தவள்ளி பெரியம்மா வந்திருந்தார். வந்தவர் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே, பனியில் நனைந்துகொண்டு, பையைக் கீழே வைக்காமல் நின்றார்.

"எனக்கு யாரும் சொல்லல," என்றார் பெரியம்மா. "கூடப் பொறக்காட்டியும் நானும் அவனுக்கு அக்காதான? சாவு சொல்லாத வீட்ல எப்டி நுழையறது?"

போன் போகவில்லை, தப்பு எங்கள் மேல்தான் என்று அம்மா கெஞ்சினார். அப்பா காபியை நீட்டினார். பெரியம்மா அதைத் தொடவில்லை.

ரோஷினி பெரியம்மாவைப் பார்த்தாள். பிறகு தோட்டத்துப் பக்கம் பார்த்தாள். பெரியம்மா கேட்டுக்கு வெளியே நிற்கிறார். தேனீக்கள் பெட்டிக்கு வெளியே நிற்கின்றன.

அவளுக்குச் சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. நேஷா இறந்துவிட்டார் என்று ஸ்லோவேனியாவிலிருந்து போன் வந்த அன்று, மாமா வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். ஒவ்வொரு பெட்டியையும் சாவியால் தட்டி ஏதோ சொன்னார். என்ன விளையாட்டு இது என்று ரோஷினி கேட்டாள்.

"வெளையாட்டு இல்ல கண்ணு. அத்தை ஊர் வழக்கம். வீட்ல சாவு விழுந்தா இவங்களுக்கும் சொல்லணும். இல்லன்னா கோச்சிக்கிட்டுப் போய்டுவாங்க," என்றார் மாமா.

மாமா இறந்தபோது அப்பா ஊர் முழுக்கப் போன் போட்டார். ஸ்லோவேனியாவுக்கும் போட்டார். தோட்டத்துக்கு யார் சொன்னார்கள்? எப்போதும் சொல்லும் ஆள் மாமா. அவருடைய சாவை அவரே எப்படிச் சொல்வார்?

கதவுக்குப் பின்னால் ஆணியில் வீட்டுச் சாவி தொங்கியது. ரோஷினி அதை எடுத்துக்கொண்டு பனிக்குள் நடந்தாள்.

முதல் பெட்டியின் பக்கவாட்டில் மெல்லத் தட்டினாள். தேனீக் கூட்டம் ஒருமுறை சிலிர்த்தது. அவள் கால்கள் ஓடலாமா என்றன. இவர்களுக்குத் தமிழ் தெரியுமா என்று வேறு சந்தேகம் வந்துவிட்டது. ஏலகிரியிலேயே பிறந்த தேனீக்கள்தானே, தெரியாமலா இருக்கும்?

"அந்தோன் தாத்தா, நான் ரோஷினி. தேவசகாயம் மாமா செத்துட்டாரு. சொல்ல லேட்டாயிடுச்சு. தப்பு எங்க மேலதான். கோச்சிக்கிட்டுப் போய்டாதீங்க. அத்தை பாவம்."

யோசிபா பாட்டியிடமும் சொன்னாள். நேஷாவிடமும் சொன்னாள். எந்தப் பெட்டியும் பதில் தரவில்லை.

கடைசிப் பெட்டியின் முன்னால் அவள் நின்றுவிட்டாள். வெள்ளைப் பலகைமேல் தேனீக்கள் ஒரு தலையின் அளவுக்கு மொய்த்திருந்தன. நடுவில், மூக்குக்குக் கீழே இருக்க வேண்டிய இடத்தில், அடர்த்தியாக ஒரு கோடு. இரண்டு முனையும் மேலே வளைந்திருந்தது. மாமாவின் மீசை அப்படித்தான் இருக்கும்.

ஒரு தேனீ இறங்கி வந்து, சாவியின் மேல் நடந்து, அவள் விரலில் ஏறியது. கொட்டவில்லை. காத்திருப்பது போல அப்படியே இருந்தது.

அவள் தட்டினாள். "மாமா செத்துட்டாரு," என்றாள். குரல் உடைந்துவிட்டது. "நெஜமாவே செத்துட்டாரு."

எல்லாப் பெட்டிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் சத்தம் எழுந்தது. கொய்யா இலைகள் அதிர்ந்தன. காலடி மண்ணும் அதிர்வது போல இருந்தது. பிறகு சத்தம் மெல்ல இறங்கியது. தேனீக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி உள்ளே போயின. அந்தோன் தாத்தாவின் தாடி தெரிந்தது. கப்பல் தெரிந்தது. கடைசிப் பலகை பழையபடி வெள்ளையானது.

பின்னால் விசும்பல் கேட்டது. அத்தை ஈரப்புல்லில் செருப்பில்லாமல் நின்று, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். ரோஷினி ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"தெனமும் சாவிய எடுத்துட்டு இங்க வரைக்கும் வருவேன் ரோஷி," என்றார் அத்தை. "வாயில வரல. சொல்லிட்டா நெஜமாயிடும்ல?"

ரோஷினி அவரை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாவியை வாங்கி, முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை தானே தட்டிக்கொண்டு போனார். ஒவ்வொன்றிடமும் தன் மொழியில் ஏதோ சொன்னார்.

"இன்னா சொன்னீங்க அத்தை?"

"நான் எங்கயும் போகலன்னு சொன்னேன்," என்றார் அத்தை. "வா, மொதல்ல உங்க பெரியம்மாவ உள்ள கூப்பிடலாம். அப்புறம் பெயின்ட் டப்பாவ எடுத்துக் குடு. ஒரு மீசை வரையணும்."

வெள்ளைப் பலகைக்குப் பின்னாலிருந்து, 'ம்ம்ம்' என்று யாரோ உம் கொட்டினார்கள்.