மஞ்சள் சட்டை அத்தையின் சபாஷ்

தம்பி ஒரு குட்டி மேதாவி என்று தெருவே சொன்னது. அக்காவும் அதை நம்பினாள், அந்தப் புதன்கிழமை காலை வரைக்கும்.

அக்காவுக்குப் பத்து வயது. தம்பிக்கு நாலு. அப்பா முடிதிருத்துபவர், வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு சுழல் நாற்காலிகள், சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி, மூலையில் சிவப்பும் நீலமுமாக இரண்டு குழாய்கள் வைத்த தலை அலசும் தொட்டி, எதிர்ச் சுவரில் ஒரு டி.வி.

தினமும் காலை பத்து மணிக்கு அந்த டி.வி.யில் குழந்தைகளுக்கான பாடம் வரும். மஞ்சள் சட்டை போட்ட ஓர் அத்தை எதையாவது காட்டி, "இது என்ன நிறம்?" என்று கேட்பார். கொஞ்ச நேரம் காத்திருப்பார். பதிலை அவர் வாயால் சொல்லவே மாட்டார். கைதட்டி, "சபாஷ்! சரியாச் சொன்னே!" என்பார், அவ்வளவுதான்.

தம்பி முக்காலியில் உட்கார்ந்து ஒன்று விடாமல் பதில் சொல்வான். ஆனால் கடையில் முடி வெட்டும் மிஷின் ஒரு பக்கம் ரீங்காரமிடும், டிரையர் இன்னொரு பக்கம் உறுமும். அவன் சொல்வது யார் காதிலும் விழாது. அத்தையின் சபாஷ் மட்டும் கணீரென்று விழும்.

"மூணு மாசமாப் பாக்கறேன். ஒரு பதில்கூடத் தப்பில்ல!" என்பார் அப்பா. அவருக்கு வாயெல்லாம் பல். "எல்லாம் என்னை மாதிரி" என்றும் சேர்த்துக்கொள்வார்.

அன்றுதான் பள்ளிக்குக் கோடை விடுமுறை தொடங்கியிருந்தது. அக்கா துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் தபால்காரர், முகமெல்லாம் சோப்பு நுரையோடு.

"குட்டி மேதாவி! நீலக் குழாயைத் திறந்து இந்தக் கிண்ணத்துல தண்ணி பிடிச்சுட்டு வா" என்றார் அப்பா. "சிவப்பைத் தொடாதே. கொதிக்கும்."

"உங்க பையனுக்கு அதெல்லாம் சொல்லணுமாண்ணே?" என்று சிரித்தார் தபால்காரர்.

தம்பி முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினான். கிண்ணத்தை ஒரு கையில் பிடித்தபடி, சிவப்புக் குழாயைத் திருகினான்.

குபுகுபுவென்று ஆவி கிளம்பியது.

"தம்பீ!" அக்கா ஒரே பாய்ச்சலில் அவனை இடுப்போடு பிடித்து இழுத்தாள். கிண்ணம் உருண்டு ஓடியது.

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஓடிவந்து தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

"சிவப்பைத் தொடாதேன்னு சொன்னேனேடா!"

"நான் தொடலியே! நீலத்தைத்தானே திறந்தேன்?" தம்பியின் உதடு பிதுங்கியது.

அக்கா அவன் திறந்த குழாயை மூடிவிட்டு அதையே காட்டினாள். "இது என்ன நிறம்?"

"நீலம்."

"பக்கத்துல இருக்கறது?"

"சிவப்பு. டி.வி. அத்தையே சரின்னு சொன்னாங்க. தினமும் சொல்றாங்க!"

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தினமும் தப்பாகச் சொன்னவனுக்குத் தினமும் சபாஷா? அதெப்படி?

அந்த நேரம் பார்த்து டி.வி.யில் அத்தையின் பாடத்துக்கான பாட்டு ஆரம்பித்தது. மணி பத்து.

"அப்பா, இப்ப எந்த மிஷினையும் போடாதீங்க."

கடை கப்சிப் என்றானது. மஞ்சள் சட்டை அத்தை ஒரு தக்காளியைத் தூக்கிக் காட்டினார். "இது என்ன நிறம்?"

"நீலம்!" என்றான் தம்பி.

"சபாஷ்! சரியாச் சொன்னே!"

அப்பாவின் கையிலிருந்த பிரஷ் தரையில் விழுந்தது. அத்தை அடுத்து ஓர் இலையைக் காட்டினார். தம்பி வாயைத் திறக்கும் முன் அக்கா கத்தினாள்: "சொல்ல மாட்டேன், போங்க!"

"சபாஷ்! சரியாச் சொன்னே!"

"அட, இது நல்லா இருக்கே!" என்றார் தபால்காரர். அடுத்த படத்தில் வானம் வந்தது. "கத்திரிக்கோல்!" என்றார் அவர். அவருக்கும் ஒரு சபாஷ் கிடைத்தது. விழுந்து விழுந்து சிரித்தவர், தம்பியின் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

தம்பி டி.வி.யையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"அப்போ அத்தைக்குக் காது கேக்காதா?"

"நாம பேசறது அவங்களுக்குக் கேக்காதுடா" என்றாள் அக்கா.

"நான் சத்தமாத்தானே சொன்னேன்? தினமும் சொன்னேனே!" பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

அக்கா யோசித்தாள். அத்தை எங்கேயோ இருக்கிறார். ஆனால் இதே அறையில், நாலடி தூரத்தில் இருந்தவர்கள்? அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"எனக்கும் கேக்கலியேம்மா" என்றார் அப்பா, மெதுவாக. பிறகு கோபத்தோடு ரிமோட்டை எடுத்தார். "இனிமே இந்தக் கடையில டி.வி.யே கிடையாது!"

"அணைக்காதீங்கப்பா. அத்தை நல்லாத்தான் கேக்கறாங்க. கேள்வியை அவங்க கேக்கட்டும். பதிலை நாம கேப்போம்."

அக்கா மடித்து வைத்திருந்த சிவப்புத் துண்டு ஒன்றை எடுத்துத் தம்பியின் கழுத்தில் சுற்றினாள். "இது சிவப்பு. இதே நிறத்துல கடையில வேற என்ன இருக்கு? தேடு."

தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டே தேடினான். ஒரு சீப்பு கிடைத்தது. ஒரு பவுடர் டப்பா கிடைத்தது. தபால்காரரின் பை கிடைத்தது. அதைத் திருப்பி வாங்குவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியாகக் குழாயின் முன்னால் போய் நின்றான். துண்டைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

அன்றிலிருந்து கடையில் ஒரு புது வழக்கம் வந்தது. அத்தை கேள்வி கேட்டதும் மிஷின் நிற்கும், டிரையர் நிற்கும், எல்லோரும் முக்காலிப் பக்கம் திரும்புவார்கள். பாதி முடி வெட்டிக்கொண்டவர்கள்கூடப் பொறுமையாகக் காத்திருந்தார்கள். வேறு வழி?

அடுத்த புதன்கிழமை அத்தை மறுபடியும் தக்காளியைக் காட்டினார். ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் நுரையோடு தபால்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"சிவப்பு!" என்றான் தம்பி.

"சபாஷ்! சரியாச் சொன்னே!" என்றது டி.வி.

தம்பி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முக்காலியில் அப்படியே திரும்பி உட்கார்ந்தான்.

"நீ சொல்லுக்கா. சரியா?"

"சரிதான்டா" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகுதான் அவன் கைதட்டினான்.