பள்ளமில்லாத ஒழுங்கை

கொச்சிக்கடையில் களஞ்சியங்களுக்குப் பின்னாலிருந்த அந்த ஒழுங்கைக்குத் தார் போட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் அதில் போன ஓட்டோக்கள் எல்லாம் ஒரே இடத்தில் குலுங்கின. ஓட்டுநர்களின் போன்கள் அனுப்பும் குலுக்கங்களை வைத்து வீதிப் பள்ளங்களைக் கண்டுபிடிப்பது ஷெரோமியின் வேலை. வீதியின் புகைப்படத்திலோ பள்ளமே இல்லை, கண்ணாடிபோல் கிடந்தது. நேரில் பார்த்துவிடலாம் என்று ஒரு மத்தியானம் ஹியூபேட்டின் ஓட்டோவில் ஏறினாள்.

ஹியூபேட் முன்பு வீதி போடும் கொம்பனியொன்றில் றோலர் ஓட்டியவர். இடத்தைச் சொன்னதும் சுற்றிப் போகலாம் என்றார். அவள் விடவில்லை.

ஒழுங்கைக்குள் திரும்பியதும் துறைமுகத்து இரைச்சல் அறுந்துபோனது. உருகிய தாரின் வாடை மூக்கில் ஏறியது. அதற்குள் மயிர் கருகும் நாற்றம்.

தொம்.

முன்சில்லு மெத்தென்ற எதன்மீதோ ஏறி இறங்கியது.

தொம். பின்சில்லுகள்.

குனிந்து பார்த்தாள். வெறும் தார்.

"அங்கிள், நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினார். திரும்பாமல் முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"பாயிஸ் எண்டு ஒருத்தன், மிஸ். எங்களோட வேலை செய்தவன். இந்த இடத்திலதான் றோலரை றிவேர்ஸ் எடுக்கேக்க நான் அவனைக் காணேல்ல. சூப்பவைசர் தாரைப் போட்டு மூடச் சொன்னவர்." குரல் இறங்கியது. "மூடேக்க அவனுக்கு உயிர் இருந்தது."

ஏதோ அவரைக் காலில் பிடித்து வெளியே, ஓட்டோவுக்குப் பின்னால் இழுத்தது. நாடி தரையில் மோதிப் பற்கள் தெறித்தன. ஷெரோமி பாய்ந்திறங்கி அவருடைய சேட்டைப் பற்றினாள். கிழிந்த துணிதான் கையில் வந்தது.

ஆளில்லாத ஓட்டோ பின்னால் உருண்டு அவருடைய மார்பில் ஏறியது. விலா எலும்புகள் முறியும் சத்தம் கேட்டது.

நின்றது. முன்னால் வந்தது. திரும்பவும் ஏறியது.

மூன்றாவது தரம் ஏறியபோது அலறல் நின்றது.

பொலிஸார் பிரேக் பிழை என்று எழுதிக்கொண்டார்கள். ஆனால் பாயிஸைக் காணவில்லை என்று அவனுடைய மனைவி பைறோஸா கொடுத்த முறைப்பாடு ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஷெரோமியின் வாக்குமூலத்தையும் பார்த்த நீதவான் வீதியைத் தோண்டச் சொன்னார். தோண்டும்போது இரண்டு பெண்களும் அருகே நின்றார்கள்.

தார்த் தட்டைப் புரட்டினார்கள். அடிப்பக்கத்தில் ஒரு மனிதனின் அச்சு. திறந்த வாய், விரித்த விரல்கள், ஒவ்வொரு நகமும் தெளிவாக.

ஆள் இல்லை. ஓர் எலும்புகூட இல்லை.

பைறோஸா அந்தக் கை அச்சுக்குள் தன் கையை வைத்தாள்.

"இன்னும் சூடா ஈக்குது" என்று கிசுகிசுத்தாள்.

ஷெரோமி பார்த்துக்கொண்டிருக்க, தாரில் பதிந்திருந்த அந்த வாய் மெல்ல மூடிக்கொண்டது.