தொட்டிக்குள் இரண்டு குரல்

மதிய வெயிலில் கழுதையைக் கட்டிவிட்டு, எர்மெலிந்தா மதுக்கொட்டகையின் கதவைத் தள்ளினாள். புளித்த திராட்சை வாடை முகத்தில் அறைந்தது. பொலிவியாவின் அந்த மலைச்சரிவில் கூப்பிடு தூரத்துக்கு வேறு வீடு கிடையாது. போன அறுவடையில் புருஷன் நிகானோர் இங்கே திராட்சை மிதிக்கும் தொட்டிக்குள் மூச்சடைத்துச் செத்தபின், அவள் பேச்சுக்குப் பதில் சொல்ல ஒரு நாய்கூட இல்லை.

புளிக்கிற திராட்சை கெட்ட காற்றைக் கக்கும். அதனால் அங்கே யாரும் தனியாகத் தொட்டியில் இறங்க மாட்டார்கள். இருவராக இறங்கி, "இருக்கியா?" "இருக்கேன்" என்று மாறி மாறிக் குரல் கொடுத்தபடியே மிதிப்பார்கள். பதில் நின்றால் போச்சு, மற்றவரை இழுத்துக்கொண்டு வெளியே ஓட வேண்டும்.

அடிவாரத்திலிருந்து துணைக்கு வருவதாகச் சொன்ன தம்பி கசிமிரோவைக் காணோம். பொங்கி நிற்கும் திராட்சையை இன்று மிதித்து அமுக்காவிட்டால், வருஷத்து உழைப்பெல்லாம் காடியாகிவிடும். அவனைத் திட்டித் தீர்த்தபடியே இறங்கினாள். முழங்கால்வரை வெதுவெதுப்பு. பழக்கதோஷத்தில் வாய் தானாகக் கேட்டது.

"இருக்கியா?"

இருட்டு மூலையிலிருந்து மெல்ல வந்தது.

"இருக்கேன், லிந்தா."

ஏறி ஓடியிருக்க வேண்டும். ஆனால் அது ஒரு வருஷமாக அவள் ஏங்கிக் கிடந்த குரல். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நெசமாவே நீதானா?"

"பின்ன? உன் வாய்க்கு ஈடுகொடுக்க வேற எவன் வருவான்? மிதி, மிதி."

அழுதபடியே சிரித்துவிட்டாள். பக்கத்தில் சளக், சளக்கென்று இன்னொரு ஜோடிக் கால்கள் மிதித்தன.

ஆள் இல்லை.

தலை கிறுகிறுத்தது. கால்கள் தொய்ந்தன.

"ஏறிடட்டுமா?"

"இன்னும் கொஞ்சம் இரேன். இங்க தனியா இருக்க முடியல."

அவள் இருந்தாள்.

கெட்ட காற்று இருக்கிறதா என்று பார்க்கத் தாழப் பிடித்த மெழுகுவர்த்தியோடு கசிமிரோ வாசலுக்கு வந்தபோது, சுடர் பட்டென்று அணைந்தது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு பாய்ந்தான். தொட்டி விளிம்பில் சரிந்து கிடந்தவளைத் தரதரவென்று இழுத்து முற்றத்தில் போட்டு, கதவைச் சாத்தித் தாழிட்டான்.

"பைத்தியமா அக்கா உனக்கு? ஒத்தையில இறங்கலாமா?"

"ஒத்தையில இல்லடா," என்றாள் அவள், இருமலுக்கு நடுவே.

உள்ளே சளக், சளக்.

"லிந்தா... இருக்கியா?"

அவள் உதடு பிரிந்தது. கசிமிரோ இரண்டு கைகளாலும் அவள் வாயை இறுக்கிப் பொத்தினான்.

தாழிட்ட கதவுக்குப் பின்னாலிருந்து, அவளுடைய குரலிலேயே பதில் வந்தது.

"இருக்கேன்."